பால் சொம்பும் ஈரல் கட்டியும்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலிபாளையம் சிட்கோவில் கட்டிங் யூனிட் வைத்திருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். "டீச்சர், பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. வீட்ல பெரியவங்க, சீர்ல வந்த பித்தளைச் சொம்புலதான் பால் காய்ச்சணும், அதுலதான் சத்துங்கறாங்க. எவர்சில்வரே வேண்டாங்கறாங்க. என்னங்க டீச்சர் பண்றது?"

அன்றே அவளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சவும் வேண்டாம், ஊற்றி வைக்கவும் வேண்டாம் கண்ணு என்று. ஏன் என்ற கேள்விக்குப் பதில் நூறு வருஷக் கதை. நான் மருத்துவர் இல்லை, முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தியவள். பானிப்பட்டுப் போரை மூன்று தடவை நடத்தினேனே தவிர, நம் வீட்டு அடுப்படியில் நடந்த இந்த வரலாறு எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய சொந்தக்காரர்களுக்கு "ஈரல் கட்டி" என்ற பேச்சு ஞாபகம் இருக்கும். ஈரக்குலைக் கட்டி என்றும் சொல்வார்கள். நன்றாகத் தவழ்ந்து, எழுந்து நிற்கப் பழகிய குழந்தை, ஒரு வயது, ஒன்றரை வயது வாக்கில் காரணமில்லாமல் சிணுங்க ஆரம்பிக்கும். சோறு இறங்காது. லேசாக மேல் சுடும். கை கால் மெலியும், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வரும். வலது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். ஈரலின் ஓரம் இலையின் விளிம்பு போலக் கூர்மையாகக் கைக்குத் தெரியும் என்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. அப்புறம் கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோக்கும். மஞ்சள் வந்துவிட்டால் பெரும்பாலும் சில மாதங்கள்தான்.

என் அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, இப்படி மூன்று பையன்களைப் பறிகொடுத்தார். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும். மூன்று பேருமே இரண்டு வயதை எட்டவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், மூன்றாவது பையனுக்கு வயிற்றில் சூடும் போட்டார்கள். கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அத்தைக்கு ராசியில்லை. அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் அத்தையை முன்னால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் பந்தி முடிகிற நேரத்தில்தான் போவார்.

அந்த ஊரிலேயே அத்தை வீடு வசதியான வீடு. தொழுவத்தில் கறவை மாடு, அலமாரி நிறையப் பித்தளை. தோட்டத்து வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வரவில்லை என்பதை அத்தையே பலமுறை சொல்லியிருக்கிறார். அதையும் தன் ராசிக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். அது ஒரு தடயம் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 1887-லேயே கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் குழந்தைகளின் இந்த ஈரல் நோயைப் பற்றி எழுதினார். 1890களில் கிப்பன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரும் எழுதினார். பெரியவர்களுக்கு ஈரல் சுருங்கிக் கெட்டிப்படுவது சாராயத்தால் என்று அன்றைக்கு ஐரோப்பாவில் நன்றாகத் தெரியும். பால்குடி மாறாத பிள்ளைக்கு அது எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு அடுத்த தொண்ணூறு வருஷம் விடை கிடைக்கவில்லை.

நம் மாகாணத்தில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யா பெயரில் வந்த 'லிவர் கியூர்' மருந்தே சாட்சி. குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே பெயர் வாங்கிய மருந்து அது. ஒரு நோய்க்காக ஒரு மருந்துக் கம்பெனியே நிலைத்து நிற்கிறது என்றால், எத்தனை வீடுகளில் அந்த நோய் இருந்திருக்க வேண்டும்?

சுதந்திரத்துக்குப் பிறகு, சென்னையில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான டாக்டர் எஸ்.டி. ஆச்சார் இதை எடுத்துக்கொண்டார். 1960-ல் அவரும் டாக்டர் ராஜு, டாக்டர் ஸ்ரீராமாச்சாரி ஆகியோரும் சேர்ந்து இந்த நோயைப் பற்றி அமெரிக்காவின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். "இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்" என்றே தலைப்பு. ஒரு நோய்க்கு நம் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் கிடைத்த குறிப்புகளையெல்லாம் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு துப்பறியும் கதை போல இருக்கும். நோய் வந்தது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று நான்கு வயதுக்குள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். பரம ஏழைகளைவிட நடுத்தரக் குடும்பங்களில் அதிகம். கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் அதிகம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி என்று அடுத்தடுத்து வந்தது. ரத்த சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளும் அதில் இருந்தன.

இதைப் படித்தால் நீங்கள் எந்த முடிவுக்கு வருவீர்கள்? பரம்பரை நோய் என்றுதானே. பல மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வேறு சிலர் சத்துக் குறைவு என்றார்கள். ஆனால் சத்துக் குறைவு என்றால் ஏழை வீட்டில்தானே முதலில் வர வேண்டும்? மஞ்சள் காமாலைக் கிருமியைத் தேடினார்கள். 1971-ல் மைசூரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பூஞ்சை பிடித்த நிலக்கடலை மாவில் இருக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கைகாட்டியது. கடலைக்காய் விளைகிற நம் சீமையில் அதைக் கேட்டு யாராவது பயந்திருந்தால் தப்பில்லை. அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாடு முழுக்க இருந்த இந்த நோயை அது மட்டும் விளக்கவில்லை.

திருப்பம் 1978, 79-ல் வந்தது. இறந்த குழந்தைகளின் ஈரலையும், உயிரோடிருந்த குழந்தைகளிடம் ஊசியால் எடுத்த ஈரல் துணுக்கையும் 'ஆர்சீன்' என்ற சாயத்தில் தோய்த்துப் பார்த்தார்கள். சாயப்பட்டறை தெரிந்த உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எல்லாச் சாயமும் எல்லா நூலிலும் பிடிக்காது இல்லையா? அதுபோல ஆர்சீன் சாயம், செம்பைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தில் ஏறும். இந்தக் குழந்தைகளின் ஈரல் செல்களில் அது கரும்பழுப்புப் பொட்டுப் பொட்டாக ஏறியிருந்தது. பிறகு செம்பின் அளவையே அளந்தார்கள். சாதாரணமாக ஒரு கிராம் உலர்ந்த ஈரலில் 50 மைக்ரோகிராமுக்குள்தான் செம்பு இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அது 800-ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் இருந்தது. சிலரிடம் 6000 வரை போனது.

1979-ல் லண்டனின் 'லான்செட்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. ஒன்று ஸ்டூவர்ட் டேனர், அலெக்ஸ் மோவாட் முதலிய பிரிட்டன் மருத்துவர்களும் புனேயின் டாக்டர் ஏ.என். பண்டிட்டும் சேர்ந்து எழுதியது. மற்றது நியூயார்க்கின் ஹான்ஸ் பாப்பர் குழுவும் டெல்லியின் டாக்டர் என்.சி. நாயக்கும் சேர்ந்து எழுதியது. இரண்டு குழுவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஈரலில் செம்பு குவிந்திருக்கிறது.

சரி, செம்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நுண்ணோக்கி இதற்குமேல் உதவாது. அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். குழந்தைக்கு எத்தனை மாதத்தில் மாட்டுப்பால் ஆரம்பித்தீர்கள்? எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள்? காய்ச்சிய பாலை எதில் ஊற்றி வைத்தீர்கள்? புனேயில் டாக்டர் பண்டிட், டாக்டர் ஷீலா பாவே ஆகியோரும் டேனரும் இதை விசாரித்தார்கள். நோய் வந்த குழந்தைகள் சீக்கிரமே தாய்ப்பாலிலிருந்து மாட்டுப்பாலுக்கோ எருமைப்பாலுக்கோ மாற்றப்பட்டவர்கள். அந்தப் பால் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சப்பட்டது, அதிலேயே வைக்கப்பட்டது. 1983-ல் இதை லான்செட்டில் வெளியிட்டார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமான கேள்வி பாருங்கள். 1887-லிருந்து தொண்ணூற்றாறு வருஷம். எத்தனை ஆயிரம் தாய்மார்கள் மருத்துவர் எதிரே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். என்ன கொடுத்தாய் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். எதில் கொடுத்தாய் என்று கேட்டவர் அபூர்வம்.

பால் எப்படி இதைச் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி, தயிர், மோர் இவற்றைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்று நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். மோர்க் குழம்பு வைக்க அவர்கள் பித்தளையை எடுக்கவே மாட்டார்கள். பால் புளிப்பில்லாதது, அதனால் பாலின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. அது செம்பைத் தேடிப் பிடித்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைவிடப் பால் எவ்வளவோ அதிகமாகச் செம்பை இழுக்கும் என்பதை 1989-ல் டேனரும் ஓ'நீலும் சோதித்துக் காட்டினார்கள்.

பெரியவர்கள் அதே பாலில் காப்பி குடித்தார்களே, அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? வேண்டாத செம்பை ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். கைக்குழந்தையின் ஈரலில் இந்த வேலை இன்னும் பழகியிருக்காது. போதாததற்கு, பிறக்கும்போதே குழந்தையின் ஈரலில் செம்பு கூடுதலாகச் சேமிக்கப்பட்டிருக்கும். தாய்ப்பாலில் செம்பு குறைவு என்பதால் அந்தச் சேமிப்பு மெல்லச் செலவாகும். இயற்கை போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் நாம் வேளாவேளைக்குச் சொம்பு நிறையச் செம்பை வரவு வைத்தோம்.

இங்கே அனுப்பர்பாளையத்துச் சொந்தங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்கு இருக்கும் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பனியன் வருவதற்கு முன்பே இந்தப் பகுதிக்குச் சோறு போட்ட தொழில்களில் அதுவும் ஒன்று. குற்றம் பாத்திரம் செய்தவர்கள்மேல் இல்லை. சமையலுக்கான பித்தளைக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும் என்பது பழைய முறை. அந்தப் பூச்சு இருந்தால் பால் பித்தளையைத் தொடாது. என் சின்ன வயதில் "ஈயம் பூசறதே..." என்று கூவிக்கொண்டு துருத்தியும் கரியுமாக ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். நவச்சாரம் போட்டுத் தேய்க்கும்போது வரும் புகையும், கறுத்த பாத்திரம் சட்டென்று வெள்ளி மாதிரி மாறுவதும் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. பூச்சு தேய்ந்த பின்னும் பாத்திரத்தைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிப் பால் காய்ச்சியதில்தான் வினை இருந்தது. பளபளப்பாக இருந்தால் சுத்தம் என்று நினைத்தோம். (பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் அது வேறொரு நஞ்சு.)

வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் தப்பினார்கள் என்று இப்போது புரிகிறதா? அவர்களிடம் பித்தளை வாங்கக் காசில்லை. மண்சட்டியும் அலுமினியமும்தான். மாடு இல்லாததால் அம்மாக்கள் இரண்டு வயது வரை தாய்ப்பாலே கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது யாரும் திட்டமிடாத நன்மை. எவர்சில்வர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையும் எவர்சில்வர் தகடு தயாரிக்க ஆரம்பித்தது. அனுப்பர்பாளையத்திலும் பித்தளைக்குப் பக்கத்திலேயே எவர்சில்வர் வேலை வந்து உட்கார்ந்தது. சீர் வரிசையில் குடத்தையும் குத்துவிளக்கையும் தவிர மற்றதெல்லாம் மாறியது. கறை படியாது, துலக்குவது சுலபம் என்றுதான் பெண்கள் மாறினார்கள். ஈரலை நினைத்து யாரும் மாறவில்லை. 1990கள் முடிவதற்குள், ஒரு காலத்தில் குழந்தைகள் வார்டை நிறைத்த அந்த நோய் நாடு முழுக்க அரிதாகிவிட்டது. இன்றைக்கு மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருந்த காலத்தில் ஒரு சிகிச்சையும் கிடைத்தது. பெனிசிலமின் என்ற மருந்து உடலில் தேங்கிய செம்பைச் சிறுநீர் வழியாக இழுத்து வெளியேற்றும். புனே மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துக் கொடுத்த குழந்தைகளில் கணிசமானவர்கள் பிழைத்து வளர்ந்தார்கள். தாமதமாக வந்தவர்களை அந்த மருந்தாலும் காப்பாற்ற முடியவில்லை.

இது இந்திய நோய் மட்டும்தானா என்றால் இல்லை. ஆஸ்திரியாவில் டைரோல் என்று ஒரு மலைநாடு. அங்கே 1900-லிருந்து 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரி ஈரல் நோயில் இறந்ததை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கும் மாட்டுப்பால், அங்கும் செம்புப் பாத்திரம். பாத்திரம் மாறியதும் அங்கும் நோய் மறைந்தது. நம்மைப் பார்த்ததே இல்லாத மலைக் கிராமத்து அம்மாக்களும் எங்கள் அத்தை அழுத அழுகையைத்தான் அழுதிருக்கிறார்கள்.

டைரோல் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அதே செம்புப் பாத்திரத்தில் பால் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரவில்லை. குடும்பங்களின் வம்சாவளியைப் போட்டுப் பார்த்தபோது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் ஏதோ ஒரு பரம்பரைக் குறையும் சேர்ந்திருந்தது தெரிந்தது. ஆக, பழைய மருத்துவர்கள் சந்தேகப்பட்ட பரம்பரையும் முழுக்கப் பொய்யில்லை. இரண்டும் ஒரே குழந்தையிடம் சந்தித்தால்தான் ஆபத்து. இன்னும் ஒரு படி மேலே போய், 1979 கட்டுரையில் பங்கெடுத்த அதே டாக்டர் நாயக், 2013-ல் செம்புதான் மூலகாரணம் என்பதையே மறுத்து எழுதினார். செம்பு குவிந்தது நோயின் விளைவாக இருக்கலாம் என்ற பக்கமும் இருக்கிறது. வாதம் முழுசாக முடியவில்லை. ஆனால் பாத்திரங்கள் மாறிய காலமும் நோய் மறைந்த காலமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதை வரலாறு படித்த நான் தற்செயல் என்று ஒதுக்கத் தயாரில்லை. என் பேரப்பிள்ளைகளுக்குப் பித்தளையில் பால் காய்ச்சவும் தயாரில்லை.

அதனால் பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் பழைய சாமான் கடையில் போட்டுவிடாதீர்கள். பொங்கல் பானை இருக்கட்டும். பெரியவர்கள் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது வேறு விஷயம், கைக்குழந்தைக்கு வேளாவேளைக்குப் பால் காய்ச்சுவது வேறு விஷயம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று தலைப்புப் போட்டுப் பித்தளைக்கு ஆலாபனை பாடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். அவர்கள் ஈயம் பூசினார்கள், பிள்ளைக்கு நீண்ட நாள் தாய்ப்பால் கொடுத்தார்கள். வீடியோ போடுகிறவர் அதை விட்டுவிடுகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். செம்பு ஈரலில் தேங்கும் வேறொரு நோய் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 1912-ல் கின்னியர் வில்சன் என்பவர் விவரித்ததால் வில்சன் நோய் என்று பெயர். இது பாத்திரத்தால் வருவதில்லை, முழுக்கப் பரம்பரை. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான் தெரிய வரும். சில பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை போல வரும். சில பிள்ளைகளுக்குக் கை நடுங்கும், பேச்சுக் குழறும், நன்றாக எழுதிய பையனின் கையெழுத்து கோணலாகும், படிப்பில் திடீரென்று பின்தங்குவான். இந்தக் கடைசிக் குறிகளைப் பெற்றோருக்கு முன்பே பார்க்கக்கூடியவர் வகுப்பு ஆசிரியர்தான். ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு, ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் செம்பு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற கண் சோதனை, இவற்றை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கி விடாமல் சாப்பிட்டால் இயல்பாக வாழலாம். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. குறி எதுவும் இல்லாவிட்டாலும் அவர்களையும் சோதிக்க வேண்டும். சொந்தத்தில் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தையின் பையன்களுக்கு எந்த மருத்துவச் சீட்டும் இல்லை. இதுதான் அவர்களைக் கொண்டுபோனது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வயது, வீட்டு நிலை, வயிறு, மஞ்சள், அடுத்தடுத்து மூன்று பேர் என்று குறிகள் எல்லாம் ஒத்துப்போகின்றன. புனே ஆய்வின் அந்தக் கட்டுரை வந்த வருஷம் அத்தை உயிரோடுதான் இருந்தார். இங்கே யாரும் வந்து அவரிடம் சொல்லவில்லை. எனக்கே இந்த விவரமெல்லாம் தெரியவந்தபோது அத்தை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

உங்கள் வீடுகளில் எண்பது வயதைத் தாண்டிய அமுச்சி, அப்பத்தா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில் ஈரல் கட்டியில் போன குழந்தை உண்டா, எத்தனை மாதத்தில் மாட்டுப்பால் ஆரம்பித்தார்கள், பால் காய்ச்சிய பாத்திரம் எது, கடைசியாக எப்போது ஈயம் பூசினார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம். ஊரும், ஏறத்தாழ வருஷமும் இருந்தால் போதும். நான் ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன், இதுவரை பதினோரு வீடு ஆகியிருக்கிறது.